நாவலைவிடப் படம் பிடித்தது என்றால் ரசனை குறைவா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்ட தம்பிக்கு 27 வயது. படிக்கிற பழக்கம் குறைவு என்று அவரே சொல்கிறார். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்த படம், பிடித்த புத்தகம், பிடித்த சீரியல் என்று பேச்சு ஓடும்போது யாராவது ஒருவர், "நாவல் படிச்சிருக்கியா? அதுக்குப் பக்கத்துல படம் நிக்காது" என்று சொல்லிப் பேச்சையே முடித்துவிடுகிறாராம். இவருக்கு 'அசுரன்' என்றால் உயிர். அதற்கு மூலமான 'வெக்கை' நாவலை வாங்கிப் பாதியில் மூடி வைத்துவிட்டார். "எனக்கு ரசனை குறைவா? பிடித்ததைப் பற்றி நாலு பேர் நடுவில் எப்படிப் பேசுவது?" என்று கேட்கிறார்.

பார்த்தால் நாவலா படமா என்ற பழைய பஞ்சாயத்து போலத்தான் இருக்கிறது. ஆனால் தம்பியைக் குடைவது வேறு. எனக்குப் பிடித்ததை வெளியே சொல்ல எனக்கு அருகதை உண்டா என்பதுதான் அவர் கேட்பது. இதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். 29 வருடம் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன். புத்தகத்தைத் திருப்பித் தர வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவது என் வேலையின் பாதி. சினிமாவைப் பொறுத்தவரை நான் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன் மட்டும்தான். அதனால் படிப்பவர்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். படம் எடுப்பதைப் பற்றிச் சொல்வதை ஒரு ரசிகனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவர்களிலும் எங்கள் ஊரில், எங்கள் நூலகத்தின் ஆறு படி ஏறி வந்தவர்களை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரிடமும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "நல்லா இருந்துச்சு சார்" என்பார்கள். அதோடு சரி. அப்புறம் ஒருநாள், ஏதோ ஞாபகத்தில், ஒரு அம்மாவிடம் "எந்த இடம் நல்லா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசினார். பின்னால் நின்ற வரிசை முனகியது. அன்றிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். எந்த இடம் என்று கேட்டால் யாருக்கும் தகுதிப் பயம் வருவதில்லை. இதைச் சொல்லப் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் போதும்.

இப்போது உங்கள் 'அசுரன்' விஷயத்துக்கு வருகிறேன். பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. படம் 2019இல். நடுவில் 37 வருடம். அந்த நாவல் எங்கள் நூலகத்தில் வெகுகாலம் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. பின்னட்டை உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தவணைத் தேதிச் சீட்டில் வருடத்துக்கு ஒரு முத்திரை விழுந்தாலே அதிகம். படம் வெளியான அந்த அக்டோபருக்குப் பிறகு, பொங்கல் வருவதற்குள் சீட்டு நிறைந்து புதுச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடி வந்தவர்களை நான் ஒருபோதும் தாழ்வாக நினைத்ததில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன, வந்தார்களே.

அப்படி வந்தவர்களில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் இரண்டே நாளில் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சார், படத்துல அப்பன் கதை. இதுல பையன் கதை" என்றார். ஒரு வரிதான். நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாவலின் முதல் பக்கத்திலேயே சிதம்பரம் வெட்டிவிடுகிறான். எதிரியின் கையை மட்டும் எடுக்கவேண்டும் என்றுதான் நினைத்தான், ஆனால் ஆளே போய்விடுகிறான். அவனுக்குப் பதினைந்து வயது. அங்கிருந்து எட்டு நாள் அவனும் அவன் அய்யாவும் மலையும் காடுமாக ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, பசிக்கு என்ன செய்வது, வீட்டில் ஆத்தா என்ன பாடுபடுகிறாளோ என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம். அந்தப் பையனின் கண்ணுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரிகிறது. படத்தில் அந்த இடத்துக்குத் தனுஷ் நடித்த சிவசாமி வந்துவிடுகிறார். குனிந்து நடக்கிற ஒரு அப்பன், அவனுக்குள் ஒரு பழைய கதை, அது திறக்கிற நேரம். தியேட்டரில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்த உணர்ச்சியை எதிர்பார்த்து நாவலைத் திறந்தால் அது அங்கே இருக்காது. அங்கே இருப்பது வேறொன்று, மெதுவாக ஏறுவது.

நீங்கள் பாதியில் மூடியதற்கு இது காரணமாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, அது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு. பூமணி அதற்கு விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்கமாட்டார். சென்னையிலோ கோவையிலோ வளர்ந்தவருக்கு முதல் இருபது பக்கம் காதில் ஏறாது. வாய்விட்டுப் படித்தால் ஏறும். இதை நான் பலரிடம் சொல்லி, பலருக்குப் பலித்திருக்கிறது.

எது உறுதி, எது என் ஊகம் என்று இங்கே பிரித்துக்கொள்வது நல்லது. நாவலும் படமும் ஒரே கதையைச் சொன்னாலும் யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது மாறினால் கதையே மாறிவிடும் என்பது உறுதி. மேலே சொன்ன இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். நாவல் ஒரு ஆளின் மனதுக்குள் நாற்பது பக்கம் உட்கார்ந்திருக்க முடியும், படத்துக்கு ஒரு முகமும் ஒரு குரலும் வேண்டும் என்பதும் உறுதி. ஆனால் எதை முதலில் சந்தித்தோமோ அதுதான் மனதில் நிற்கும் என்று பலரும் சொல்வது எனக்கு அவ்வளவு உறுதியாகப் படவில்லை. வெகுநாள் நானும் அதை நம்பினேன். எனக்கு முதலில் தெரிந்தது 'முள்ளும் மலரும்' படம்தான். 1978, மகேந்திரன். உமாசந்திரனின் நாவலைப் பிறகுதான் படித்தேன். எனக்கு இன்றுவரை படம்தான். ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவர் நாவலை முதலில் படித்தவர். அவருக்கும் படம்தான். தங்கச்சியைக் கொடுக்கும் அந்தக் கடைசி இடத்திலும், இன்ஜினியரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று காளி முகத்துக்கு நேரே சொல்வானே, அதற்காகவே என்பார். எதை முதலில் பார்த்தோம் என்பது இங்கே செல்லவில்லை.

போதாததற்கு, புத்தகம்தான் எப்போதும் அண்ணன், படம் தம்பி என்ற நினைப்பும் சரித்திரத்தோடு ஒட்டவில்லை. கல்கியின் 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ஓவியங்களுக்குப் பதில் படத்தின் காட்சிகளையே போட்டார்கள். கே. சுப்ரமணியம் எடுத்த அந்தப் படம் 1939இல் வெளியானது. அந்த வாசகர்கள் படித்ததையும் பார்த்ததையும் எப்படிப் பிரித்திருப்பார்கள்?

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது எங்கள் ஊர் ஆசிரியை ஒருவர் கோபமாகவே வந்தார். "மணிமேகலை இல்லாம ஒரு பொன்னியின் செல்வனா சார்?" நாவலைப் படிக்காதவருக்கு இது அற்பமாகத் தெரியும். ஐந்து பாகத்தையும் படித்தவருக்குத் தெரியும், கடைசி அத்தியாயமே அவளுக்காகத்தான். சேந்தன் அமுதன் யார் என்கிற முடிச்சையும் படத்தில் எடுத்துவிட்டார்கள். இரண்டு படத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் வருஷக்கணக்காக மனதில் குடியிருந்த ஒருத்தியை யாரோ கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிட்டால் வலிக்காதா? அந்த வலியைச் சொல்லத் தெரியாமல்தான் பலர் "புத்தகத்துக்குப் பக்கத்துல நிக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த தடவை அவரிடம் "யாரை விட்டுட்டாங்க, எந்த இடம் இல்லாமப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். படித்தவராக இருந்தால் முகம் மலர்ந்து பேசுவார். படிக்காமல் சும்மா அடித்துவிட்டவராக இருந்தால் சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வார்.

அதே நாவலைப் பற்றி என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டட்டும். மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்று முறையும் ஐந்தாம் பாகத்தில் எனக்கு இழுவை தட்டியது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் அது. ஒரு நிழல், ஒரு குரல், ஒரு அலறல் என்று அத்தியாயம் முடியும். அடுத்த வாரம்வரை வீடே அதைப் பேசும். அதை நாம் பத்து நாளில் மொத்தமாக விழுங்கும்போது அந்த நிழலும் குரலும் அடிக்கடி வருவதுபோல் இருக்கிறது. எங்கள் நூலகத்துக்கு ஒரு பெரியவர் நன்கொடையாகக் கொடுத்த பழைய பைண்டிங் தொகுப்பு ஒன்று இருந்தது. வேறொரு தொடர்கதை, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியில் தைத்தது. நடுவில் ஒரு வாரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் நோட்டுத்தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்து, அந்த வாரம் என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சாய்ந்த கையெழுத்தில் எட்டு வரியில் எழுதியிருந்தார்கள். அப்படிப் படித்தவர்களுக்கு இழுவை என்ற வார்த்தையே தோன்றியிருக்காது. அதனால் என் இழுவையில் பாதி கல்கியுடையது, பாதி நான் படித்த வேகத்துடையது என்று வைத்துக்கொள்கிறேன்.

ரசனை என்று நாம் சொல்வதில் இப்படி எவ்வளவு கலந்து கிடக்கிறது பாருங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் 'மர்மதேசம்' வந்ததே, அதில் 'விடாது கருப்பு' ஓடிய நாட்களில் என் மகள் இரவில் கொல்லைப்புறம் போக என்னைத் துணைக்கு எழுப்புவாள். இன்றும் அவளைக் கேட்டால் தமிழில் அதற்கு இணையான தொடர் கிடையாது என்று அடித்துச் சொல்வாள். போன வருடம் யூடியூபில் தேடியெடுத்து அவள் பையனுக்குப் போட்டுக் காட்டினாள். அவன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்ளோ ஸ்லோவா இருக்கு?" என்றான். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவள் பார்த்தது அந்தத் தொடரோடு சேர்த்து, கரண்ட் போகிற ஒரு வீட்டையும், ஏழு நாள் காத்திருந்ததையும். அவன் பார்த்தது வெறும் தொடரை. இருவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால் பிடித்ததைப் பற்றிப் பேசும்போது அதை எப்போது, எங்கே பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. "நான் பத்தாவது படிக்கும்போது பார்த்தேன்" என்று ஆரம்பித்தாலே கேட்பவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

சண்டையே வரக்கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். தமிழில் வாசகர்கள் போட்ட ஒரு சண்டையிலிருந்து பெரிய நாவல் ஒன்று பிறந்திருக்கிறது. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை எழுதினார். மழை நாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்வதாக முடியும். பெரிய எதிர்ப்பு எழுந்தது. தாய் வேறு மாதிரி நடந்திருக்க வேண்டும் என்றார்கள். சரி, அப்படியே நடந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று எடுத்து, தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக எழுதினார். அதுதான் 1970இல் புத்தகமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பீம்சிங் 1977இல் படமாக எடுத்தார், திரைக்கதை ஜெயகாந்தனே. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. எதிர்த்தவர்கள் "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா தெரியாது. அவர்கள் ஒரு இடத்தைக் காட்டினார்கள். அந்தத் தாய் தண்ணீர் ஊற்றிய இடத்தை.

அந்த நாவலின் எங்கள் நூலகப் பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் கனகம் வாய்விட்டுக் கத்தி அக்கம்பக்கத்தைக் கூட்டிவிடும் பகுதியில், பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்: "பெற்றவள் செய்கிற காரியமா இது?" அதன் கீழே நீல மையில் இன்னொருவர்: "உங்கள் வீட்டில் நடந்தால் தெரியும்." அதற்கும் கீழே, பெண் கையெழுத்து என்று நினைக்கிறேன்: "எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா கத்தவில்லை." அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. பக்கத்தின் அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒருவர், "நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். விதிப்படி நான் அழித்திருக்க வேண்டும். ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பிறகு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அந்த மூன்றாவது வரியை எழுதியவர் பெரிய படிப்பாளியா, எத்தனை நாவல் படித்தவர், எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பற்றி அவரைவிட உரிமையாகப் பேசக்கூடியவர் இருக்க முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். "எனக்குப் பிடித்தது" என்பதும் "இது சிறந்தது" என்பதும் வேறு வேறு. முதலாவதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் 'அசுரன்' எனக்குப் பிடிக்கும் என்றால் யாரும் மறுக்க முடியாது. 'வெக்கை'யைவிட 'அசுரன்' சிறந்தது என்றால் "முழுக்கப் படிச்சியா?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். உங்கள் நண்பர்களும் முதலாவது வகைப் பேச்சுக்கு இரண்டாவது வகை அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கேதான் கோளாறு.

படிக்கப் படிக்க ரசனை உயரும் என்று சொல்வார்களே, அது உண்மையா என்றும் நீங்கள் மனதில் கேட்டிருப்பீர்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. பாக்கெட் நாவலில் ஆரம்பித்து ஐந்தாறு வருடத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்புகளைக் கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் பாக்கெட் நாவலே படித்து, அதில் எந்தக் கதையில் எந்தத் தடயம் ஓட்டை என்று பிடித்துப் பிடித்துச் சொன்ன ரேஷன் கடை ஊழியர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவரின் கண் மழுங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் தொழிலுக்கு மூத்தவர், சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது, அடுத்தது ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. வேலைக்குச் சேர்ந்தபோது மனப்பாடம் செய்த வரி. ஒரு நாவலைப் பாதியில் மூடிய வாசகரிடம் நான் குறை கண்டதில்லை. அந்த நூலுக்கான வாசகர் அவர் இல்லாமல் இருக்கலாம், அல்லது அதற்கான வயது இன்னும் வராமல் இருக்கலாம். பாதியில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தையே பத்து வருடம் கழித்து எடுத்துப்போய், மறு தவணையும் போட்டு வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

'வெக்கை'யைத் திரும்ப எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஆனால் எடுத்தால் சிவசாமியை மறந்துவிட்டு அந்தப் பையனோடு நடங்கள். அய்யா பேசும் பேச்சை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை எனக்குச் சொல்லுங்கள். பாதியில் மூடினேன் என்றீர்களே, எந்த இடம்?